பேர் சொல்லாமல் நின்ற பிளேட்டு

பாவி யார்?

யுத்தம் முடிந்த மறு வருஷம் பந்தல்குடி ரோட்டுக் கடைகளில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் போய் வந்தவன் என்று என்னிடமும் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியாது. பதில் தெரிந்தவர்கள் எங்கள் ஊரிலேயே பாதிப்பேர் இருந்தார்கள் என்பதும் தெரியாது. பிற்பாடு தெரிந்துகொண்டதை முதலிலிருந்து சொல்கிறேன். இது குருவம்மாளின் கதை.

எங்கள் ஊர் வன்னிமடை. பந்தல்குடியிலிருந்து திருச்சுழிப் பக்கம் பிரிகிற வண்டிப்பாதையில், கரிசல் புஞ்சைகளுக்கு நடுவில் இருக்கிறது. கண்மாய் ஒன்று உண்டு. அதில் தண்ணீர் நிற்பதைவிட ஆடு மேய்வதுதான் அதிகம். குருவம்மாளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கறுத்து உயர்ந்த பெண். பேசும்போது அவள் குரலில் விசேஷம் எதுவும் இருக்காது. பாட வாயெடுத்தால் நாலு புஞ்சைக்கு அப்பால் உழுகிறவன் மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். களையெடுப்பில் அவள் பாடினால் மற்றவர்கள் கை தானாக வேகம் பிடிக்கும் என்பதால் புஞ்சைக்காரர்கள் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அவள் புருஷன் வீரபத்திரன் பருத்தி ஏற்றும் மாட்டுவண்டிக்காரன்.

மாசி மாதம் ரோட்டோரப் புஞ்சையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதெல்லாம் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். அன்றும் ஒரு பஸ்ஸு நின்றது. டிரைவர் கரியைக் கிண்டிக்கொண்டிருக்க, வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர் இறங்கி வரப்பில் நடந்து வந்தார். பெயர் காளிராஜ். அருப்புக்கோட்டைக்காரர். சென்னையில் பாட்டைப் பதிந்து கிராமபோன் பிளேட்டு போடும் கம்பெனி ஒன்றில் ஆர்மோனியம் வாசிப்பவர்.

"தாயி, இந்தப் பாட்டு யாரு கட்டுனது?"

"யாரும் கட்டல. பருத்தி எடுத்தா வரும்," என்றாள் குருவம்மாள்.

"நான் எடுத்தா வருமா?"

"எடுத்துப் பாருங்க. முள்ளுதான் வரும்."

பெண்கள் சிரித்தார்கள். பஸ்ஸு ஊதிப் பார்த்துவிட்டு அவரை விட்டுவிட்டுப் போயிற்று. காளிராஜ் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்ந்ததும் அவள் பின்னாலேயே வந்து வீரபத்திரனிடம் பேசினார்.

வீரபத்திரனுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "மெட்ராஸ்ல ஆளா இல்ல? எங்க ஊட்டுக் கழுதைய எதுக்குக் கூப்பிடுறீக?" என்றான். மூன்று தடவை காளிராஜ் வந்து போன பிறகு, தானும் கூட வருவது என்றும், பெத்தம்மாளையும் கூட்டிப் போவது என்றும் சொல்லிச் சம்மதித்தான். பெத்தம்மாள் பக்கத்து வீட்டுக்காரி, குருவம்மாளுக்கு மதினி முறை. குருவம்மாள் ஓர் அடி பாடினால் அதற்கு எதிரடி எடுப்பவள் அவள்தான். அவள் இல்லாமல் குருவம்மாளுக்குப் பாட்டு ஓடாது.

சித்திரையில் மூவரும் ரயிலேறினார்கள். ஸ்டூடியோ என்பது ஜன்னல் இல்லாத ஓர் அறை. சுவர் முழுக்கக் கனத்த துணி. சத்தம் கேட்கும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் பாட வேண்டும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் கையைக் கீழே இறக்கினால் நிறுத்த வேண்டும். வீரபத்திரனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அவன் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

களையெடுப்பு, பருத்தி எடுப்பு, கும்மி, தாலாட்டு என்று ஒவ்வொன்றாக முடிந்தது. பிளேட்டின் கடைசிப் பக்கத்துக்குப் பாட்டு வேண்டியிருந்தது.

"ஒங்க பக்கம் மழைக்குப் பாடுற பாட்டு ஏதும் உண்டா?" என்று காளிராஜ் கேட்டார்.

குருவம்மாளும் பெத்தம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பார்வைக்குக் காரணம் சொல்ல வேண்டும். மழை பொய்த்தால் எங்கள் பக்கத்தில் கொடும்பாவி இழுப்பார்கள். வைக்கோலில் பெண் உருவம் செய்து, பழஞ்சேலை சுற்றி, கழுத்தில் வைக்கோல் புரி மாட்டித் தெருத் தெருவாக ஆண்கள் இழுத்துப் போவார்கள். ஊரில் நடந்த பாவமெல்லாம் இவள் செய்தது, இவளால்தான் மழை இல்லை என்று ஏசுவார்கள், மிதிப்பார்கள். கொட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். பெண்கள் மாரடித்துப் பாடிக்கொண்டே பின்னால் வருவார்கள். ஊர் எல்லை வரைதான் பெண்கள். அதற்கு மேல் ஆண்கள் உருவத்தை வறண்ட கண்மாய்க்குள் இழுத்துப் போய்க் கொளுத்துவார்கள்.

எல்லையில் நின்றுவிட்ட பெண்கள் அந்த நேரத்தில் ஒன்று செய்வார்கள். கண்மாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பாட்டின் கடைசி அடியைத் தாழ்ந்த குரலில் பாடுவார்கள். அந்த அடி ஆண் காதில் விழக் கூடாது. விழுந்தால் மழை வராது என்பது வழக்கம். வன்னிமடை ஆண்களுக்கு அப்படி ஓர் அடி இருப்பதே தெரியாது. அவர்கள் அந்நேரம் கண்மாய்க்குள் இருப்பார்கள்.

ஸ்டூடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது. குருவம்மாள் கொடும்பாவிப் பாட்டை எடுத்தாள்.

கம்பு நெறஞ்ச குதிரிருக்க
கஞ்சிக்கு ஊரை அலையவிட்டான்
எல்லைக் கல்லை நகத்தி வச்சு
எட்டு மொழம் கூட உழுதான்

உழுது களைச்ச காளையைத்தான்
ஓட்டிப் போயி கசாப்புக்கு வித்தான்
மடையைத் தொறந்து ராவோட ராவா
மத்தவன் தண்ணிய வாங்கிக்கிட்டான்

அந்தப் பாவி பேரு என்ன
பேரு என்ன பெண்டுகளே
சொல்லட்டுமா, ஊரறிய
வாய் தொறந்து சொல்லட்டுமா

அதோடு வாயை மூடிக்கொண்டாள். பெத்தம்மாளும் நிறுத்திவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவர் இன்னும் இடம் இருக்கிறது, பாடு என்று கையை ஆட்டினார். குருவம்மாள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"ஏன் தாயி, அடுத்த அடி மறந்துபோச்சா?" என்றார் காளிராஜ்.

"மறக்கல. ஆம்பளைக இருக்கீகள்ல."

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நின்ற இடம் நன்றாக இருக்கிறது, கேட்கிறவனைத் தவிக்க வைக்கும் என்று சொல்லி அப்படியே வைத்துக்கொண்டார்கள். வழக்கத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று குருவம்மாள் நிம்மதியாக ஊருக்கு வந்தாள். பெண்கள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "கடைசி அடியப் பாடலையே?" "பாடல." "சாமி," என்று மூச்சு விட்டார்கள்.

ஆவணியில் பிளேட்டுகள் வந்தன. மூன்று பிளேட்டுகளையும் தடித்த அட்டைக்குள் புத்தகம் மாதிரி சேர்த்து, மேலே 'கரிசல் காட்டுப் பாட்டு' என்று அச்சடித்திருந்தார்கள். அதற்கு ஆல்பம் என்று பெயர். அட்டையில் ஒரு பெண் படம். சிவந்த மேனி, இடுப்பில் பித்தளைக் குடம், காதில் தொங்கட்டான்.

"இவ யாரு?" என்றான் வீரபத்திரன்.

"தெரியல," என்றாள் குருவம்மாள்.

"ஒன் பாட்டுக்கு எவளோ எதுக்குக் குடத்தோட நிக்கிறா?"

அந்தப் படத்தை அவன் நெடுநேரம் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அருப்புக்கோட்டை நெசவுத் தெருக்களில் தறிச் சத்தத்தையும் மீறிக் களையெடுப்புப் பாட்டு கேட்டது. சென்னைப் பத்திரிகை ஒன்று அவள் குரலைப் புகழ்ந்ததாகவும், இன்னொன்று புஞ்சையில் குனிந்து பாடுவதை நாற்காலியில் உட்கார்ந்து கேட்பானேன் என்று எழுதியதாகவும் காளிராஜ் வந்து சொன்னார். பந்தல்குடியில் ஜெபதுரை என்பவர் டீக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதக் கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் கடை திறப்பார். கிராமபோன் வாங்கிய நாளிலிருந்து அதற்குச் சாவி கொடுக்க வேறு யாரையும் விடமாட்டார். அவர் ஆல்பத்தை வாங்கினார். தூத்துக்குடி லாரிக்காரர்கள் லாரியை நிறுத்திக் கேட்டார்கள். வன்னிமடைக்காரன் எவனாவது டீ குடிக்கப் போனால், "ஒங்க ஊரு அம்மா பாட்டு," என்று சொல்லி ஜெபதுரை இன்னொரு தடவை போடுவார். ஊருக்குப் பெருமையாக இருந்தது.

கடைசிப் பக்கம் வரும்வரைதான் அந்தப் பெருமை.

கொடும்பாவி இழுக்கும்போது ஆண்கள் யாரும் பாட்டைக் கேட்டதே இல்லை. கொட்டும் கூச்சலும்தான் கேட்டிருக்கிறார்கள். இப்போது டீக்கடையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்கள். இழுக்கிற உருவம் பெண், பாட்டில் வருகிற குற்றமெல்லாம் ஆண் செய்தது என்பதே அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைத்தது. பாட்டு, பேர் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு நின்றது. ஊசி மட்டும் கரகரத்தது.

"பெறகு?" என்றார் ஒரு லாரி டிரைவர்.

"அம்புட்டுத்தான்," என்றார் ஜெபதுரை.

"அம்புட்டுத்தானா? பேரச் சொல்லலியே. திருப்பிப் போடும்."

"திருப்பிப் போட்டா தாலாட்டு வரும் அண்ணாச்சி."

பெஞ்சில் தனுஷ்கோடி உட்கார்ந்திருந்தார். வன்னிமடையில் நிறைய நிலம் வைத்து விவசாயம் செய்கிற பெரிய சம்சாரி. ஊர்க் காரியமெல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். யுத்த காலத்தில் ஊரே கம்புக்கு அலைந்தபோது அவர் வீட்டுக் குதிர் நிறைந்து கிடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் அவர் முகத்துக்கு எதிரே சொன்னதில்லை. பாட்டு முடிந்ததும் அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

"டீ ஆறிருச்சுபோல," என்றார் டிரைவர்.

எல்லைக்கல் விஷயத்தில் வழக்கு உள்ள பங்காளிகள் இருவர் இருந்தார்கள். ஒருவனை மற்றவன் பார்த்துச் சிரித்தான். சிரித்தவனைப் பார்த்து மூன்றாமவன், "ஏலே, மடையத் தொறந்தது யாரு?" என்றான். சிரிப்பு நின்றது. அன்றைக்கு ஆரம்பித்தது சந்தேகம். நாலு பேர் கூடினால் ஒருவன் இன்னொருவனைப் பார்ப்பான். யாராவது தானாக, "நமக்கென்னப்பா, நம்ம பேரு இருக்காது," என்று சொன்னால் அவன்மேல்தான் சந்தேகம் திரும்பும்.

மூன்றாம் நாள் வீட்டில் வீரபத்திரன் கஞ்சிக் கும்பாவைத் தள்ளி வைத்தான்.

"மாட்டு விசயத்த எதுக்குப் பாட்டுல வச்ச?"

"எந்த மாட்டு விசயம்?"

"தெரியாத மாதிரிக் கேக்காத. மயிலக்காளைய கசாப்புக்கு வித்தேன்னு ஊரறியப் பாடியிருக்க."

குருவம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "சந்தையில ஒரு சம்சாரி உழவுக்கு வாங்கிட்டுப் போனார்னுல எங்கிட்டச் சொன்னீக."

வீரபத்திரன் கும்பாவைத் திரும்ப இழுத்து வைத்துக்கொண்டு குனிந்து குடிக்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகு மாட்டைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே வரவில்லை. ஆனால் அவளுக்கு அன்றைக்கே பயம் தட்டிவிட்டது. சொந்தப் புருஷனே தன்னைத்தான் பாடினாள் என்று நினைக்கிறான். ஊர் எதைத்தான் நினைக்காது?

ஊர் நிறைய நினைத்தது. பேர் பிளேட்டில் இருந்தது, பணம் வாங்கிக்கொண்டு கம்பெனிக்காரன் சுரண்டிவிட்டான் என்றார்கள். சுரண்டிய இடத்தைப் பார்க்கிறேன் என்று பிளேட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தான் ஒருவன். அதன் பிறகு வீரசோழன் என்கிற ஊரில் ஒரு கடையில் இருக்கிற பிளேட்டில் பேர் தெளிவாகக் கேட்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஒருவருக்கொருவர் சொல்லாமல் பஸ்ஸு பிடித்து வீரசோழன் போனார்கள். அங்கே கடைக்கார பாய் சலித்துப்போய்ப் பிளேட்டை எடுத்து வைத்தார்.

"வன்னிமடையா? ஒங்க பெரிய சம்சாரிகூட நேத்துத்தான் வந்து கேட்டுட்டுப் போனார்," என்றாராம்.

அதுதான் தனுஷ்கோடிக்கு வினையாகிப் போயிற்று. அவர் எதற்காகப் போக வேண்டும்? பேரை மறைக்கக் காசு கொடுத்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும். காசுக்குத் தகுந்த வேலை நடந்ததா என்று பார்க்கப் போயிருக்கிறார். இப்படி ஊருக்குள் முடிவாகிவிட்டது. அவர் தெருவில் நடந்தால் யாராவது, "சொல்லட்டுமா," என்று மெதுவாக இழுப்பார்கள். திரும்பினால் எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

ஐப்பசி முழுக்க மேகம் வந்து வந்து கலைந்தது. முளைத்த கம்பு கருகியது. கொடும்பாவி இழுக்காமல் தீராது என்று ஆயிற்று. அப்போது தனுஷ்கோடி சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமை காளி கோயில் முன்னால் கூட்டம். குருவம்மாள் வந்து பேரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஊர்க்கிணற்றில் அவள் வாளி இறங்கக் கூடாது, யாரும் அவளுக்கு அடுப்பு நெருப்பு கொடுக்கக் கூடாது, வேலைக்கும் கூப்பிடக் கூடாது.

அந்த ஒரு கிணற்றை விட்டால் நல்ல தண்ணீருக்கு இரண்டு மைல் போக வேண்டும். கூலிக்குக் கூப்பிடாவிட்டால் கஞ்சி கிடையாது. குருவம்மாள் கிணற்றடிக்குப் போனாள். பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன செய்யட்டும்?" என்றாள்.

"சொன்னா மழை போச்சு," என்றாள் பெத்தம்மாள்.

"சொல்லாட்டி எனக்குத் தண்ணி போச்சு மதினி."

"நீ ஏன் அந்தப் பாட்டுக்குப் போன? தாலாட்டோட நிறுத்தியிருக்கலாம்ல," என்றாள் ஒருத்தி.

வயதில் மூத்த பொன்னுத்தாய் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "அந்த அடியக் கேட்டா ஆம்பளைக கயிறு இழுக்க மாட்டாக. அதுக்குத்தான் மறைச்சு வச்சிருக்கு. நாங்க சொல்ற வரைக்கும் வாயத் தொறக்காத."

"எப்பச் சொல்வீக?"

ஒவ்வொருத்தியாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெத்தம்மாளும் போனாள். ஆண்கள் அவளைப் பேரை மறைக்கிறவள் என்று சந்தேகப்படுகிறார்கள். பெண்கள், இவள் பயந்து அடியைச் சொல்லிவிடுவாள் என்று சந்தேகப்படுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அவள் வெறுங்குடத்தோடு நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் வேம்படியில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் வழக்கம்போல் கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். வீரபத்திரன் கூட்டத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான்.

"யார நெனச்சுப் பாடுன குருவு?" என்றார் தனுஷ்கோடி.

"யாரையும் நெனைக்கல மாமா. எங்கம்மா பாடுனது, அவுகம்மா பாடுனது. அப்பெல்லாம் நீங்க பொறக்கவே இல்ல."

"அப்ப பேரச் சொல்லட்டுமான்னு எதுக்குக் கேட்ட?"

"அது பாட்டு மாமா."

"பாட்டுன்னா முடிவு இருக்கும்ல. முடிவு எங்க?"

அவள் பெண்கள் நின்ற மதில் பக்கம் பார்த்தாள்.

"பாத்தீகளா, முழிக்கிறா," என்றான் ஒருவன். "கொடுத்தவன் பக்கத்துல உக்காந்திருக்கும்போது எப்படிச் சொல்லுவா?" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது.

தனுஷ்கோடிக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் கொடுத்தேன்னா சொல்லு. எம்பேருதான்னா அதையும் சொல்லு. இன்னிக்கு ஒரு பேரு வராம இங்கருந்து ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது," என்றார்.

குருவம்மாள் அந்த முகத்தைப் பார்த்தாள். எல்லா முகத்தையும் பார்த்தாள். ஏதாவது ஒரு பேரை, யார் பேரையாவது சொன்னால் போதும், கிணறு அவளுக்குக் கிடைத்துவிடும். சொன்ன பேர்க்காரன் வீட்டுக்குக் கிணறு போய்விடும். அவர்கள் கேட்பது அதைத்தான் என்று அவளுக்கு விளங்கிற்று. வைக்கோல் உருவத்துக்குப் பதிலாக ஒரு ஆள்.

அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"ஏய், மருவாதி இல்லாம," என்று யாரோ ஆரம்பிப்பதற்குள் பாட ஆரம்பித்துவிட்டாள். எல்லையில் பாடுகிற மாதிரியே, தாழ்ந்த குரலில்.

சொல்லி என்ன ஆகும் மகளே
சுமந்து போற நீதானே

அதற்கு மேல் அவளால் போக முடியாது. அடுத்தது எதிரடி. வேறு வாய்தான் எடுக்க வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெத்தம்மாள் எடுப்பாள் என்று காத்துக்கொண்டு நின்றாள். சத்தமே இல்லை.

"இது இன்னிக்குக் காலையில கட்டுனது," என்றார் தனுஷ்கோடி. "தப்பிக்கிறதுக்குக் கட்டியிருக்கா. இப்படி ஒரு அடி எந்தக் காலத்துல இருந்துச்சு? எவனாச்சும் கேட்டிருக்கீகளா?"

"கேட்டதில்ல, கேட்டதில்ல," என்றார்கள் எல்லாரும். அது உண்மைதான். குருவம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அடியும் போயிற்று, கிணறும் போயிற்று.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் எழுந்தது. நல்ல குரல் இல்லை. சுருதி சேராத, கரகரத்த குரல்.

எங்க வீட்டுப் பாவமெல்லாம்
இடுப்புல நீ கட்டிப் போற

ஆண்கள் எல்லாரும் தனுஷ்கோடியைப் பார்த்தார்கள். அது அவர் மனைவி ராக்கம்மாளின் குரல். வாசலில் நின்று வேலைக்காரர்களை விரட்டுகிற அந்தக் குரல் ஊரில் யாருக்கும் தெரியாமல் இல்லை. 'எங்க வீட்டு' என்ற இடத்தில் அவள் அழுத்திப் பாடினாளா, குரல் அப்படி உடைந்ததா என்று இன்றுவரை சரியாகச் சொல்ல ஆளில்லை.

குருவம்மாள் மேலே எடுத்தாள்.

பாவி இல்ல நீ எனக்கு
பச்ச மண்ணு பெத்த புள்ள

இந்தத் தடவை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பெத்தம்மாள், பொன்னுத்தாய், வன்னிமடைப் பெண்கள் அத்தனை பேரும் எடுத்தார்கள்.

போன தடம் பாக்க மாட்டோம்
மழையாகத் திரும்பி வாடி

பாட்டு முடிந்தது. இத்தனை வருஷமாக ஆண்கள் வைது மிதித்து இழுத்துப் போன பாவியை, அவர்கள் போன பிறகு அவர்கள் வீட்டுப் பெண்கள் மகளே என்று கூப்பிட்டு வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். பேரும் கிடையாது, பாவியும் கிடையாது. பாட்டிலே இல்லாத பேரைத் தேடித்தான் வீரசோழனுக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

தனுஷ்கோடி மதில் பக்கம் திரும்பாமலே கேட்டார். "ஒனக்கு இது எப்பருந்து தெரியும்?"

"வாக்கப்பட்டு வந்த வருசத்துல இருந்து," என்றாள் ராக்கம்மாள்.

"எங்கிட்டச் சொல்லல."

"நீங்க ஏசிக்கிட்டே இழுத்துட்டுப் போறீக. குறுக்க வந்து என்னத்தச் சொல்ல?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். யாரையும் பார்க்காமல், "கெணத்துல எல்லாரும் தண்ணி எறைக்கலாம்," என்று சொல்லிவிட்டு நடந்தார். வீரபத்திரன் எழுந்து வந்து குருவம்மாள் பக்கத்தில் நின்றான். "வா, போகலாம்," என்றான்.

மறுவாரம் கொடும்பாவி இழுத்தார்கள். பொன்னுத்தாய் சொன்னபடியேதான் நடந்தது. கயிற்றில் இழுப்பே இல்லை. ஏசுவதற்கு வாயைத் திறந்தவன் பாதியில் மூடிக்கொண்டான். எல்லைக்கல் பங்காளிகளில் மூத்தவன், உருவம் கல்லில் இடித்துக்கொண்டு வருகிறது என்று சொல்லி அதன் தலைமாட்டில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தான். மிதிக்க ஒருவரும் வரவில்லை. ஊர்வலம் எல்லையைத் தாண்டுவதற்குள் பொழுது இறங்கிவிட்டது.

கார்த்திகையில் மழை வந்தது. கண்மாய் நிறையவில்லை. பருத்திக்கு மட்டும் போதுமான மழை. ஆண்கள் கேட்டதால்தான் பாதி மழை போயிற்று என்று சில பெண்கள் இன்னமும் குருவம்மாளிடம் முகம் கொடுப்பதில்லை. தனுஷ்கோடி வீட்டுக் குதிர் அந்தக் கார்த்திகையில் ஊருக்காகத் திறந்தது. பயத்தால் திறந்தாரா, ராக்கம்மாள் திறந்தாளா என்று அதிலும் இரண்டு பேச்சு உண்டு. ஜெபதுரை கடையில் வேறு மாதிரிச் சந்தேகம் ஓடியது.

"ஏலே, ஊட்டுல அம்மி அரைக்கும்போது என்னமோ முணுமுணுக்கிறாளே, அதுல என்ன இருக்கும்?"

"போயிக் கேளு."

"கேட்டா நிறுத்திருவாளே."

தை மாதம் காளிராஜ் மறுபடி வந்தார். விவரம் கேட்டு, கடைசி அடியையும் சேர்த்துப் புதுப் பிளேட்டு போடலாம் என்றார். குருவம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"பிளேட்டுல வேண்டாம். அது யாரு கேக்கிறா, எப்படிக் கேக்கிறான்னு பாக்காமச் சுத்திக்கிட்டு இருக்கும். வாயால ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாப் போதும்."

ஆனால் பழைய பிளேட்டு போன இடமெல்லாம் போய்விட்டது. மதுரையில் இருக்கிறது, தூத்துக்குடியில் இருக்கிறது, கொழும்புக்கும் போயிருக்கிறதாம். அங்கேயெல்லாம் அது, பேர் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றுகொண்டிருக்கும். கேட்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் இதை எழுதினேன். உங்கள் ஊரில் அந்தப் பிளேட்டு ஓடி, ஊசி கரகரக்க ஆரம்பித்தால், யாரும் யார் முகத்தையும் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். கேட்டவர்களை அடுத்த ஊருக்கும் சொல்லச் சொல்லுங்கள்.